எள்ளில்லாத எண்ணெய்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் வண்டியூரில் சொந்தமாக எண்ணெய்க்கடை போட்டேன். பலகை எழுத வந்த பெயிண்டருக்கு மீசையெல்லாம் பச்சை பெயிண்ட். தமிழ் படித்தவர்; எந்தச் சொல்லையும் பிரித்துப் பார்க்காமல் எழுத மாட்டார். கடை திறக்கும் காலையில் ‘கடலை’ என்று எழுதியவர் ஏணியிலேயே நின்றுவிட்டார்.

“எள்ளுல வர்ற நெய்தாண்ணே எண்ணெய். கடலைக்கு அந்தப் பேரு எப்படிச் சேரும்?”

“நல்ல நேரம் முடியப்போகுதுய்யா! சனங்க அப்படித்தான கேக்குதுக?”

“சனம் சொன்னா சரியாகிருமா?” என்று இறங்கியவர், “பிரஷ் கழுவணும், கொஞ்சம் மண்ணெண்ணெய் குடுங்கண்ணே” என்றார்.

“அதுல எம்புட்டு எள்ளுய்யா இருக்கு?” என்றேன்.

திறப்புக்கு வந்திருந்தவர்களின் சிரிப்பில் கடையே அதிர்ந்தது. அவரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி ஏறி, மீதியை எழுதி முடித்தார்.

படித்தவரை மடக்கினேன் என்று இன்றும் மார்தட்டுகிறேன். ஆனால் அவர் கிளம்பும்போது பையைப் பார்த்தேன். அதில் ஒரு பாட்டில் நிறைய மண்ணெண்ணெய் இருந்தது. பிறகு எதற்கு மனுசன் என்னிடம் கேட்டார்?