செவ்வாய் விரதமும் வாயுக் குளிசையும்

மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் பதினாறு வருடம் நின்றால், ஆள் படியேறும்போதே வயிறு எப்படி இருக்கிறதென்று சொல்லிவிடலாம் என்பது என் நெடுநாள் பெருமை. இதை வாசிக்கும்போதே நெஞ்சைத் தடவிக்கொள்கிறவர்கள் வெட்கப்பட வேண்டாம், நானும் உங்கள் கட்சிதான்.

வாசலில் ஏப்பம்

சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிற கனகு அண்ணை, இணுவிலில் இருக்கும் எங்கள் கடைக்குள் வருமுன்னே அவருடைய ஏப்பம் வந்துவிடும். எதைத் தின்றார், எங்கே எரிந்தது, எத்தனை தரம் கக்கூசுக்குப் போனார், எல்லாம் கடையில் நிற்கிற சனம் முழுவதற்கும் கேட்கும். அவர் மனைவி ராணி அக்கா பையோடு பின்னால் நிற்பார், வாய் திறக்க மாட்டார். ஒருநாள் "அக்கா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டேன். அண்ணைக்குப் பெருமை தாங்கவில்லை.

"அவவுக்கு என்ன தங்கச்சி, ஒரு வருத்தமுமில்லை. வெள்ளி, செவ்வாய் விரதம் காணாதெண்டு இப்ப திங்களும் பிடிக்கிறா."

வேறு யாருக்கோ

எங்கள் கடைக்கு வரும் பெண்களின் வயிற்றுவலி எப்போதும் வேறு யாருக்கோதான். மாமிக்கு, மச்சாளுக்கு, பக்கத்து வீட்டுக்கு. சிரிக்க எனக்கு உரிமையில்லை. என் மலச்சிக்கலுக்கு நானே என் தமக்கையின் பெயரில் மருந்து எடுத்தவள்.

ராணி அக்கா ஒருநாள் தனியாக வந்தார். அண்ணைக்கு வாயுக் குளிசை வேண்டுமாம். கொடுத்த பிறகும் போகாமல், கடை வெறுமையாகும்வரை நின்றார். பிறகு, "இதைப் பொம்பிளையளும் போடலாமோ?" என்றார். இரண்டு வாய் சாப்பிட்டாலே தனக்கு மேல் வயிறு கல்லாகிவிடுகிறது என்றார். கீழே அடிவயிறு முறுக்குகிறது. ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் வெளியே போகிறது. அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். சட்டை தோளில் தொங்கியது. பயந்துபோனேன். கொடுத்த குளிசையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, டாக்டரிடம் போகச் சொன்னேன். இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சாப்பிடேல்லையெண்டால் ஆயிரம் கேள்வி வரும் பிள்ளை. விரதமெண்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

ஒண்டுமில்லையாம்

இரத்தம் சோதித்தார்கள், வயிற்றுக்குள் கமரா விட்டும் பார்த்தார்கள். எல்லாம் நல்லது. அண்ணை "ஒண்டுமில்லையாம்!" என்று சிரித்துக்கொண்டு வந்தார். அக்காவின் கண் கலங்கியிருந்தது. இரைப்பையும் குடலும் பார்வைக்குச் சரி, வேலைதான் பிசகு, இரண்டும் சேர்ந்து படுத்துவது பெண்களில்தான் அதிகம் என்று டாக்டர் சொன்னதை, அண்ணை "ஒண்டுமில்லை" என்ற சொல்லோடு நிறுத்திவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "அண்ணை, போன வருசம் உங்களுக்கும் கமரா விட்டு ஒண்டுமில்லை எண்டுதானே சொன்னவை? ஏப்பம் நிண்டதோ?" என்றேன். அண்ணை மெல்லத் திரும்பி, "எவ்வளவு நாளா?" என்று மனைவியைக் கேட்டார்.

"வெள்ளி மட்டும்தான் முருகனுக்கு. மற்றதெல்லாம் வயித்துக்கு."

முன்னால் அக்கா

போன கிழமை இருவரும் வந்தார்கள். பை அண்ணையின் கையில் இருந்தது. கடை நிறையச் சனம். அக்கா முன்னால் வந்து, "பிள்ளை, மருந்து பரவாயில்லை. ஆனா மூண்டு நாளாக் கக்கூசுக்குப் போகேல்லை" என்றார். அண்ணை நெளிந்து, "மெல்லக் கதையும்" என்று முணுமுணுத்தார். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் ஏப்பம் விடேக்கை நான் மெல்ல விடுங்கோ எண்டு சொன்னனானோ?"

அன்றோடு என் தமக்கையின் மலச்சிக்கலும் தீர்ந்துவிட்டது. மருந்து இப்போது என் பெயரில்தான்.