எங்கள் பெயரில் குடியிருந்தவர்கள்

நாங்கள் புது வீட்டில் குடியேறிவிட்ட சேதியை நான் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் ஆரம்பம். தேனியில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். வீடு கட்டித் தரும் அரசு வாரியம் ஊருக்கு வெளியே, ஆண்டிபட்டி போகிற பாதையில், வரிசையாக வீடுகள் கட்டியிருந்தது. அதில் கம்பி வேலியை ஒட்டிய கடைசி வீடு எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சாவி மட்டும் வரவில்லை. கேட்கப் போனால் கரண்ட் வரட்டும் என்பார்கள், அடுத்த முறை தண்ணீர் வரட்டும் என்பார்கள். இதற்கிடையில் சட்டசபையில் யாரோ ஒரு உறுப்பினர் இந்த வீடுகளைப் பற்றிக் கேள்வி கேட்டிருக்கிறார். எல்லா வீட்டிலும் உரியவர்கள் குடியேறிவிட்டார்கள் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். டீக்கடையில் அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவிக்குக் கோபம் வரவில்லை. முகம்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அப்ப நாம இப்ப எங்கன இருக்கோம்?" என்றாள்.

அப்போது அவள் மாசமாக இருந்தாள். புரட்டாசியில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். வாடகை வீட்டுக்கார அம்மாளின் மகளும் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு கூரைக்குக் கீழே ரெண்டு பிரசவம் ஆகாது, ஆவணி பிறந்ததும் காலி பண்ணிவிடுங்கள் என்று அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார். என் மனைவிக்குப் போய்ப் படுக்கத் தாய்வீடும் கிடையாது. கம்பத்தில் ஒரு சித்தி உண்டு, அங்கே ஏற்கெனவே ஆள்மேல் ஆள். அந்த வீடு கிடைக்காவிட்டால் பிள்ளையை எங்கே பெறுவது என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே கவலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போய் வேலிக்கு வெளியே நின்று எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம். சிரிக்காதீர்கள், வேறு என்ன செய்வது? ஆனி மாதமே காற்று ஆரம்பித்திருந்தது. மேற்கே மலைப்பக்கமிருந்து வரும் காற்று ஆளே இல்லாத அத்தனை வீட்டுக்குள்ளும் புகுந்து புறப்படும். பூட்டிய கதவுகள் உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல ஆடும். ஒருநாள் என் மனைவி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"உள்ள யாரோ அம்மி அரைக்காக" என்றாள்.

காற்று என்றேன். அவள் நம்பவில்லை. நான் கேலி பண்ணினேன். ஆனால் திரும்பி நடக்கும்போது எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அரைத்து, நிறுத்தி, வழித்து, மறுபடி அரைக்கிற சத்தம். காற்றுக்கு அந்தப் பக்குவம் கிடையாது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. ஒருநாள் ஆண்டிபட்டியிலிருந்து இருவரும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். பொழுது இறங்கும் நேரம். வெறும் இருட்டாகக் கிடக்கும் அந்த வரிசை முழுக்க அரிக்கேன் விளக்குகள் எரிந்தன. கொடிகளில் துணி ஆடியது. எங்கள் வீட்டு ஜன்னலிலும் ஒரு விளக்கு. என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். பஸ் கடந்து போகும்வரை இரண்டு பேரும் அந்த ஜன்னலையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. சட்டசபையில் சொன்ன பதில் நிஜம்தானா என்று பார்க்க உறுப்பினர்கள் அடங்கிய குழு ஒன்று வருகிறதாம். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. நாங்களும் போய் எங்கள் வீட்டுப் பக்கமாக வேலியோரம் நின்றோம். வாரியத்து இன்ஜினியர் என்னை அடையாளம் கண்டுகொண்டு அருகில் வந்தார்.

"இன்னைக்கு ஒரு நா வாயத் தொறக்காம இருங்க. ஆவணியில சாவி ஒங்க கையில. பேசுனா எப்பங்கிறது எனக்கே தெரியாது" என்றார், சிரித்த முகமாக.

நான் தலையாட்டினேன். வேறு வழி தெரியவில்லை.

ஒவ்வொரு வாசலிலும் கோலம். ஒவ்வொரு நிலைப்படியிலும் வாடாத மாவிலைத் தோரணம். பொங்கி வழிந்த பாலின் தீய்ந்த வாசனை காற்றில் அடித்துக்கொண்டு வந்தது. எல்லா வாசலிலும் ஆணும் பெண்ணுமாக ஆட்கள் நின்றார்கள். சட்டையெல்லாம் ஒரே மடிப்போடு புதிதாக இருந்தது. ஒருத்தர்கூட ஒருத்தரோடு பேசவில்லை.

எங்கள் வாசலில் நின்றவளைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற என் மனைவியை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவளும் பிள்ளைத்தாச்சி. என் மனைவியின் உயரம். என் மனைவி முந்தானையை இடுப்பில் செருகுவதுபோலவே செருகியிருந்தாள். வேன்களில் வந்து இறங்கிய குழுவினர் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். பேர் கேட்டார்கள். பக்கத்தில் நின்றவன் என் பெயரைச் சொன்னான். என் அப்பா பெயர், நான் வேலை பார்க்கும் கடை, எல்லாவற்றையும் பிசகாமல் ஒப்பித்தான். அடுத்து அவள் வாய் திறந்து என் மனைவியின் பெயரைச் சொன்னாள். இத்தனைக்கும் நான் உயிரோடு வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

குழுவில் கனத்த உடம்புக்காரர் ஒருவர் அதுவரை எதுவும் பேசாமல் தோரணங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் அவளிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"பால் எப்பம்மா காய்ச்சுனீக?"

இந்தக் கேள்விக்கு அவளுக்கு யாரும் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவள் உள்ளதைச் சொன்னாள்.

"இன்னைக்குக் காலைலதாங்கய்யா. எல்லா வீட்லயும் காய்ச்சச் சொன்னாக."

"ஆடி மாசத்துலயா?"

வீட்டுக்குள் ஆள் இருக்கிற மாதிரி தெரிய வேண்டுமென்று விளக்கு, துணி, கோலம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர்களுக்கு மாசம் மறந்துபோயிருந்தது. ஆடியில் எந்தக் குடும்பம் புது வீட்டில் பால் காய்ச்சும்? அதுவும் ஒரு வரிசையே, ஒரே காலையில்! இன்ஜினியர் ஏதோ சொல்ல வந்தார். அந்த மனிதர் கையமர்த்திவிட்டு வேலிப் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பேருக்கு உரியவுக யாராச்சும் இங்கன இருக்கீகளா?"

நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி கம்பியை விலக்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி உள்ளே நுழைந்துவிட்டாள்.

"அது நாந்தாங்கய்யா. நாங்க இன்னும் உள்ள காலே வைக்கல."

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். வாசலில் நின்றவள் யாரும் சொல்லாமலே படியை விட்டு இறங்கி, என் மனைவிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றாள். பிறகுதான் குழுவினர் கேட்கக் கேட்க விவரம் வந்தது. வாசல்களில் நின்றவர்கள் எல்லாரும் அந்த வீடுகளைக் கட்டிய கொத்து வேலை, சித்தாள் வேலைக் குடும்பங்கள். ஆனிக் காற்றில் கொட்டகை பறந்துபோக, பின்பக்க வழியாக உள்ளே படுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அம்மி அரைத்தது அவள்தான்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. இன்ஜினியர் வேறு ஊருக்குப் போனார். தண்ணீர்க் குழாய் வந்தது, கரண்ட் வந்தது. சட்டசபை நினைத்தால் என்னவெல்லாம் நடக்கிறது என்று கடையில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். ஆவணியில் சாவி கிடைத்தது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். அடுப்படிச் சுவரில் அந்தப் பெண் ஏற்கெனவே காய்ச்சிய பால் வழிந்த கறை இருந்தது. எத்தனை தேய்த்தும் அது போகவில்லை.

குடியேறிய அடுத்த வாரம், பிரசவம் பார்க்கும் அரசாங்க நர்ஸ் வீடு வீடாக வந்தார். கதவைத் திறந்த என் மனைவியிடம் பெயர் கேட்டார். அவள் சொன்னதும் நர்ஸ் அவள் வயிற்றைப் பார்த்தார், வீட்டு எண்ணைப் பார்த்தார், ஒரு அடி பின்னால் போனார்.

"ஆடிக் கடைசியில இதே வீட்ல நாந்தானேம்மா பிரசவம் பார்த்தேன்? இதே பேருதான் சொன்னுச்சு. பொட்டப்பிள்ள. அப்பன் பேரும் இதேதான்."

என் மனைவி அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. யார் கேட்டாலும் இனி இதுதான் உன் பெயர், மாற்றிச் சொன்னால் வேலை கிடையாது என்று அந்தப் பெண்ணை மிரட்டி வைத்திருக்கிறார்கள். குழு வந்தது, கண்டுபிடித்தது, போய்விட்டது. மிச்ச வேலை முடியும்வரை அவர்கள் அங்கேயேதான் படுத்திருந்திருக்கிறார்கள். இனி உன் பெயரையே சொல்லலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. வலியிலும் அவள் என் மனைவியின் பெயரையே சொல்லியிருக்கிறாள். பிள்ளை பிறந்த கையோடு காண்ட்ராக்டரின் லாரி அவர்களை அடுத்த வேலைக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

என் மனைவி கேட்டுக்கொண்டதால் தேடிப் போனேன். வைகை அணைப் பக்கம் விசாரித்தேன். வருசநாட்டுப் பக்கம் வேலை நடக்கிறது என்றார்கள், கடமலைக்குண்டு வரை போனேன். அங்கே ஒரு மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பளைக்குப் பேரு என்னங்க?" என்றார். வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்தது என் மனைவியின் பெயர் ஒன்றுதான்.

எங்களுக்குப் புரட்டாசியில் பெண் பிறந்தது, அந்த வீட்டிலேயே. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் சந்தையில், பஸ் ஸ்டாண்டில் யாராவது என் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அவள் உடனே திரும்ப மாட்டாள். கூட்டத்தில் வேறு யாராவது திரும்புகிறார்களா என்று முதலில் பார்ப்பாள்.