எந்த நோவாக்?

எங்கள் தீவுப்பகுதியில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயரையும் ஊரையும் சொன்னால் போதும், பரம்பரையையே விசாரித்துவிடலாம். இங்கிலாந்தில் என் மகள் விரும்பிய போலந்துக்காரப் பெடியனையும் அப்படித்தான் விசாரிக்கப் போனேன். அவனுடைய குடும்பப் பெயர் நோவாக். லண்டனில் இருக்கும் என் தம்பியிடம் அதை மட்டும் சொல்லியிருந்தேன்.

மகளும் அவனும் எங்கள் ஊரான புளியங்கூடலுக்கு வந்து நின்றார்கள். அனலைதீவிலுள்ள என் அண்ணனுக்கு அவனைக் காட்டப் படகேறினோம். படகு வெளிக்கிட்டதும் தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

"அக்கா, அந்த நோவாக்குக்குக் கலியாணம் முடிஞ்சு ரெண்டு பிள்ளையளாம்!"

முன்னால் அவன், பக்கத்தில் மகள், சுற்றிவரக் கடல். இறங்கவும் வழியில்லை, அத்தனை சனத்துக்குள் வாய் திறக்கவும் முடியவில்லை. அவன் நீட்டிய தண்ணீர்ப் போத்தலைக்கூட நான் வாங்கவில்லை. கடைசியில் பொறுக்கமாட்டாமல் மகளின் காதுக்குள் தம்பி சொன்னதைச் சொல்லிக் கேட்டேன்.

"ஐயோ அம்மா! முந்திப் போலந்தில ஊருக்குப் புதுசா வந்தவையை எல்லாம் நோவாக் எண்டுதான் கூப்பிட்டவை, பிறகு அதுவே குடும்பப் பேராப் போச்சு. இப்ப இங்கிலாந்தில ரவுனுக்கு ரவுன் நோவாக் இருக்கினம். மாமா எந்த நோவாக்கை விசாரிச்சவர்?"

தம்பியைத் திரும்பக் கேட்டேன். அவன் விசாரித்த நோவாக் வேறொரு நகரத்தில் பேக்கரி வைத்திருப்பவனாம். போத்தலை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இப்போது யார் மாப்பிள்ளை விசாரிக்கச் சொன்னாலும் நான் தொலைபேசியை எடுப்பதில்லை. பெடியனையே வீட்டுக்கு அழைத்து, கதிரையில் இருத்தி, நேரே கேட்கிறேன்: "தம்பி, உமக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?"