இருமலுக்கு ஒரு கோடு

அக்கா மகளுக்குச் சளி பிடித்த வாரத்தில் எனக்கு வேலை இல்லை. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில், ஓராண்டு அப்ரண்டிஸ் முடித்திருந்தேன். வல்லம் வடகாலில் இன்னொரு கம்பெனியில் சேர மூன்று வாரம் இருந்தது. சும்மா இருப்பது எனக்கு வராது. படப்பையில் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, எதையாவது சரிசெய்யக் கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தேன். நாலு வயதுப் பாப்பா இருமத் தொடங்கினாள்.

அக்காவுக்கு அது வரக்கூடாத நேரத்தில் வந்த இருமல். கார்களுக்கு வயரிங் செய்யும் லைனில் ஆறு வருடமாக நிற்கிறாள். அவளை லைன் லீடராகப் போட்டுப் பார்க்கலாமா என்று சூப்பர்வைசர் கேட்டிருந்தார். அடுத்த திங்களில் இருந்து இரண்டு வாரம் சோதனை, ஒரு நாள்கூட லீவு கிடையாது. முடியுமா முடியாதா என்று சனிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். பாப்பாவின் பள்ளியிலோ இருமுகிற குழந்தையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாமா கம்பெனி பஸ் ஓட்டுகிறார், அவருக்கு மூன்று ஷிப்டுக்கும் ட்ரிப் உண்டு. மிச்சம் இருப்பது நான்தான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இருந்து வரும்போதே சொல்லிவிட்டேன்.

அக்கா ஷேர் ஆட்டோவில் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீயா? பால் காய்ச்சச் சொன்னா போனப் பாத்துகினே பொங்க வுடுற ஆளு. இந்த வாரம் பாரு. உன்ன நம்பி வுட்டுட்டுப் போவ முடியுமான்னு பாத்துட்டு, சனிக்கிழமை அவர்கிட்ட சொல்றேன்."

ஆக, அவளுக்கு முன்னால் எனக்குச் சோதனை.

என்னிடம் ஆயுதம் தயாராக இருந்தது. ஆறு சின்னக் கண்ணாடிக் குப்பிகள், லாவண்டர், யூகலிப்டஸ், புதினா என்று ஆறு வாசனை எண்ணெய்கள். கூடவே ஒரு டிஃப்யூசர். அதில் தண்ணீர் ஊற்றி நாலு சொட்டு எண்ணெய் விட்டால் பனி மாதிரிப் புகை ஊதும், நிறம் மாறி மாறி விளக்கு எரியும். போனில் யாரோ ஓர் அம்மா, வெள்ளை வெளேரென்ற வீட்டில் நின்றுகொண்டு, மூன்று பிள்ளைகளின் சளியை இதை வைத்தே விரட்டியதாகச் சொன்னதைப் பார்த்து வாங்கியது. அந்த ஒரே வீடியோவை ஏழு தடவை பார்த்திருந்தேன். அதைத்தான் ஆராய்ச்சி என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவளுடைய வைத்தியம் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தேய்ப்பது. போன மழைக்காலம் வரை அதைத்தான் செய்தாள். அதெல்லாம் பழைய டெக்னாலஜி என்று நான் சொன்ன மறுநாள், அவள் காலையில் வைத்துவிட்டுப் போன சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூடியிருந்தது.

திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டேன். ரோட்டில் லாரி எழுப்பும் புழுதி வராமல் ஜன்னலை எல்லாம் அடைத்தேன். பாப்பாவின் தலைமாட்டில் டிஃப்யூசர். வீடு முழுக்க யூகலிப்டஸ். இரண்டாம் நாளே மாமாவின் யூனிஃபார்ம் வரை ஏறிவிட்டது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் யாருக்கு ஜலதோஷம் என்று விசாரிக்கிறார்களாம்.

வெறுமனே ஊதவிட்டால் அக்கா நம்பமாட்டாள். எங்கள் கம்பெனியில் எதைச் சொன்னாலும் முதலில் கேட்பது, டேட்டா எங்கே? அதனால் பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். ஓர் இருமலுக்கு ஒரு கோடு. நாலு கோடு நின்றபின் ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். லைனில் பழுதான பாகங்களை எண்ணுவது இப்படித்தான். திங்கட்கிழமை முழுக்க அறுபத்து மூன்று.

செவ்வாய்க்கிழமை எண்பத்து எட்டு. நான் ஆடிப்போனேன். மதியத்துக்கு மேல்தான் காரணம் தெரிந்தது. பாப்பா பிரிட்ஜ் பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓர் இருமல் இருமினாள்.

"சித்தி, கோடு போடு."

போட்டேன். மறுபடி இருமினாள்.

"இப்ப குறுக்கால போடு."

குறுக்குக் கோட்டின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. அதற்காக ஐந்தாவது இருமலை எங்கிருந்தாவது கொண்டுவந்துவிடுவாள். எது நிஜ இருமல், எது கோட்டுக்காக இருமியது என்று பிரிக்க வழியில்லை. புதன்கிழமையில் இருந்து முறையை மாற்றினேன். தூங்கும்போது யாரும் நடிக்க முடியாது. மதியம் அவள் தூங்கும் இரண்டு மணி நேரத்தில் வருவதை மட்டும் எண்ணுவது. புதன் மதியம் பதினான்கு. கொஞ்சம் அதிகம்தான், எண்ணெய் போதவில்லை போல என்று இரண்டு சொட்டு கூட்டினேன்.

வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதில் இருந்து கரண்ட் இல்லை. டிஃப்யூசர் ஓடாது, பேன் ஓடாது, வேறு வழியில்லாமல் ஜன்னலைத் திறந்தேன். புழுதி வந்தது, சூடு வந்தது. பாப்பா பாயில் வியர்த்துக்கொண்டு தூங்கினாள். இரண்டு மணி நேரத்தில் இரண்டே கோடு.

அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை என்று சொல்லமாட்டேன், புரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு நிறைய வேலை செய்தேன். மூன்று நாளாக ஊதிய எண்ணெய் இன்றைக்குத்தான் பிடித்திருக்கிறது என்று எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கரண்ட் இருந்தது. மறுநாள் அக்கா பதில் சொல்ல வேண்டிய நாள். பாப்பாவைத் தூங்கவைத்து, டிஃப்யூசரைப் போட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து ஒரு புதுத் தாளில் அழகாக வரைபடம் போட்டேன். திங்கள் அறுபத்து மூன்று, செவ்வாய் எண்பத்து எட்டு, புதன் பதினான்கு, வியாழன் இரண்டு. மலையில் இருந்து உருண்டு இறங்குவது மாதிரி கோடு இறங்கியது. முதல் இரண்டு நாள் எண்ணியது முழு நாளுக்கு, அடுத்த இரண்டு நாள் எண்ணியது இரண்டு மணி நேரத்துக்கு என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. ஒவ்வோர் எண்ணும் உண்மை. மொத்தம் பொய். அக்காவுக்கு இதைக் காட்டினால் நிம்மதியாகப் போய் சரி என்று சொல்லிவிடுவாள்.

வெள்ளிக்கான புள்ளியை வைக்கப்போகும்போது உள்ளே இருமல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. அரை மணி நேரத்துக்குள் ஒன்பது. பேனா கையில் இருந்தது, என்னால் எழுத முடியவில்லை. எழுந்து உள்ளே போனேன். விளக்கு ஊதாவில் இருந்து பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தது. புகை நேராக அவள் முகத்தில் போய் விழுந்தது. தூக்கத்திலேயே புறங்கையால் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து, மூக்கு நுனி சிவந்திருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். ஜன்னல் கதவுகள் எல்லாவற்றையும் திறந்தேன். அந்தத் தாளின் அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம், அரை மணி நேரம். ஒருமுறை இருமினாள், அவ்வளவுதான்.

மூன்றரை மணிக்கு அக்கா வந்தாள். வரைபடத்தைக் கிழித்து முன்பே குப்பையில் போட்டிருந்தேன். பிரிட்ஜில் பழைய தாள் மட்டும் இருந்தது, அடித்தல் திருத்தலோடு. ஷூவைக் கழற்றாமல் அதன் முன்னால் நின்றாள்.

"எங்க லைன்ல ஒரு மாசத்துக்குக்கூட இவ்ளோ கோடு வாராதுடி."

செவ்வாய்க்கிழமையில் பாப்பா செய்த கூத்தைச் சொன்னேன், சிரித்தாள். பிறகு விரல் வியாழனில் போய் நின்றது.

"இன்னா ஆச்சு இந்த நாளு?"

"கரண்ட் இல்ல. மிஷின் ஓடல."

"ஜன்னலு?"

"தொறந்து வெச்சிருந்தேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எதையும் சொல்லவேண்டி இருக்கவில்லை, ஆனாலும் சொன்னேன்: "என்னோட எண்ணெயாலதான்க்கா கூடிச்சின்னு நெனைக்கிறேன்."

அவள் திட்டவில்லை. முகம் கழுவிவிட்டு, கெளம்பு, டாக்டர் ஆறு மணிக்கு வந்துடுவார் என்றாள். குப்பிகளையும் பையில் போட்டுக்கொண்டாள். சாட்சியாக என்னை அழைத்துப் போகிறாளா, குற்றவாளியாகவா என்று வழியெல்லாம் தெரியவில்லை.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, சாதாரணச் சளிதான், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். யூகலிப்டஸ் குப்பியை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி லேபிளைப் படித்தார். இது சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது, மூச்சுக்குழாயை உறுத்தும், தெரியாமல் ஒரு வாய் குடித்துவிட்டால் வலிப்பே வரலாம், இதோ இவனே எழுதியிருக்கிறானே என்று காட்டினார். எழுதியிருந்தது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பியவள் நான், அந்தப் பொடி எழுத்தைப் படிக்கவில்லை.

அக்கா பெருமூச்சு விட்டு, அதுக்குத்தான் சார் நான் கற்பூரத்த எண்ணெயில காச்சித் தடவுவேன் என்றாள். டாக்டர் கண்ணாடியை மறுபடி இறக்கினார். கற்பூரம் அதைவிட மோசம் என்று அவளுக்குத் தனியாக ஒரு பாட்டு விழுந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். சிரித்திருந்தால் வீட்டுக்கு நடந்துதான் வந்திருப்பேன்.

மூக்குக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து, வெதுவெதுப்பான தண்ணீர், படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன். இருமல் போக இன்னும் ஒரு வாரம்கூட ஆகலாம். மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, சாப்பிடாமல் துவண்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். இவ்வளவுதான். என் ஆறு குப்பிக்கு முன்னால் அது ஒரு வைத்தியமாகவே தோன்றவில்லை.

வெளியே வந்ததும் நானே கேட்டுவிட்டேன். நாளைக்கு சூப்பர்வைசரிடம் என்ன சொல்லப்போகிறாய்?

அக்கா பாப்பாவை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"முடியும்னுதான் சொல்லப்போறேன். உனக்கு ஒண்ணும் தெரியாதுடி, அது எனக்குத் தெரியும். ஆனா தப்பா வந்தத தப்பாவே எழுதி வெச்சிருக்க. எங்க லைன்ல பாதிப் பேரு அத அழிச்சிருப்பாங்க."

கிழித்துப்போட்ட வரைபடத்தைப் பற்றி அப்போதே சொன்னேன். அவள் நின்றாள். ஒரு ஷேர் ஆட்டோ வந்தது, இடம் இருந்தும் அதைப் போகவிட்டாள்.

"எப்ப கிழிச்ச?"

"நீ வர்றதுக்கு முன்னாடி."

"சரி," என்றாள். அடுத்த ஆட்டோவுக்குக் கையைக் காட்டினாள்.

திங்கட்கிழமை விடியலில் அவள் கிளம்பும்போது பாப்பா இன்னும் இரண்டு முறை இருமினாள். அக்கா ஷூவில் ஒரு கால் நுழைத்தபடி நின்று காது கொடுத்தாள். மூச்சு வாங்குகிறதா என்று நான் சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தேன். இல்லை என்று தலையசைத்தேன். மறு காலையும் நுழைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.