ரேகன்ஸ்பூர்க்கில் கழற்றி வைத்த செருப்பு

முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் பணியாற்றி, வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பு; வரலாற்றில் முதுகலைப் பட்டம். சங்கரன்கோவில் வட்டாரத்தில் பாகப்பிரிவினை, பாதைத் தகராறு என்று வந்தால் இன்றும் என் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுத்தான் வக்கீலிடம் போவார்கள். நான் எழுதப்போவது நான் செய்த தவறு ஒன்றைப் பற்றி. ஆகவே அதைச் செய்தவன் விவரம் தெரியாதவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு அக்டோபர் மாதம் நானும் என் மனைவியும் ஜெர்மனியில் மூனிச் நகரில் வேலை செய்யும் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவில், டான்யூப் நதிக்கரையில், ரேகன்ஸ்பூர்க் என்ற பழம்பெரும் நகரம் இருக்கிறது. ரோமானியர் கோட்டை கட்டிய இடம். அதை ஒரு நாள் பார்த்துவர விரும்பினேன். மகனுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை.

"அங்கன இங்கிலீஷ்ல வெளக்கிச் சொல்ற கைடு உண்டு. ஏற்பாடு பண்ணுதேன்ப்பா" என்றான்.

"ஒரு ஊரப் பாக்க எனக்கு ஆள் எதுக்குப்பா? ஒங்க அம்மையக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்."

அவன் அம்மாவின் செருப்பை மட்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். என் மனைவிக்கு நீண்ட நாள் சர்க்கரை நோய். உள்ளங்காலில் உணர்ச்சி மிகக் குறைவு. முள் குத்தினாலும் தெரியாது. முந்தைய ஆண்டு பெருவிரலில் வந்த புண் ஆற ஐந்து மாதமாயிற்று. இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று திருநெல்வேலி மருத்துவர் எச்சரித்து, கால் அளவெடுத்து மெத்தென்ற அடிப்பாகம் வைத்துத் தைத்த செருப்பு கொடுத்திருந்தார். அதில்லாமல் வெளியே ஓரடியும் நடக்கக் கூடாது என்பது உத்தரவு. கோவிலுக்குள் மட்டும் தடித்த காலுறையோடு போய்வருவாள்.

காலைப் பொழுது மிக நன்றாகக் கழிந்தது. ரோமானியர் எழுப்பிய கோட்டை வாசலின் மிச்சத்தைக் கண்டோம். வணிகர்கள் ஒருவரை ஒருவர் மிஞ்சக் கட்டிய கோபுர வீடுகளைக் கண்டோம். ஒவ்வொன்றையும் நானே விளக்கினேன். அங்கிருந்து பெரிய தேவாலயத்துக்கு வந்தபோது நண்பகல் தாண்டியிருந்தது.

பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் நான் பார்த்த தேவாலயங்களில் செருப்பை வெளியே விட்டுத்தான் நுழைவார்கள். தெய்வ சந்நிதி எதுவானாலும் அதுவே முறை என்பது என் கொள்கை. அருகிலிருந்த சந்தில் ஒரு வீட்டு வாசலை ஒட்டி ஒரு மரப்பெட்டி இருந்தது. மேலே ஜெர்மன் மொழியில் ஒரு அட்டை. உள்ளே சில புத்தகங்கள், இரண்டு கோப்பைகள், ஒரு குழந்தையின் காலணி ஜோடி. நம் கோவில் வாசலில் செருப்புப் பாதுகாக்கும் இடம் போல இது ஒரு ஏற்பாடு என்று முடிவு செய்தேன்.

"ஏங்க, எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான உள்ள போறாவ" என்றாள் மனைவி.

"அவன் வழக்கம் அவனுக்கு. நம்ம மரியாதைய நாம விட முடியுமா? கழட்டு."

கழற்றினாள். இரண்டு ஜோடியையும் நானே எடுத்து அந்தப் பெட்டியில் ஒழுங்காக வைத்தேன்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது தூறல் விழுந்து கல் பாவிய தெரு நனைந்திருந்தது. அவளைத் தேவாலய முகப்பில் தூறல் படாத இடத்தில் நிறுத்திவிட்டுச் சந்துக்குப் போனேன். பெட்டியில் என் காலணி இருந்தது. அவளுடைய செருப்பு இல்லை.

அங்குமிங்கும் தேடிவிட்டுத் திரும்பினேன். அவள் நிற்க முடியாமல் ஈரப் படியில் உட்கார்ந்திருந்தாள். காலுறை ஈரத்தை உறிஞ்சத் தொடங்கியிருந்தது.

"மகனுக்கு ஒரு போன் போடுங்க."

போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. ஆள் வேண்டாம் என்று காலையில் சொன்ன வாயால் அவனிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். கல்லின் குளிர்ச்சியைக்கூட உணர முடியாத அந்தக் கால்கள் அந்தப் பத்து நிமிடமும் ஈரத்தில் இருந்தன. என் பணிக்காலத்தில் எத்தனையோ பேரைக் காக்க வைத்திருக்கிறேன். இந்தக் காத்திருப்புக்கு மட்டும் என்னிடம் நியாயம் கிடையாது.

பிறகு சந்துக்குத் திரும்பிப் போய், பெட்டி இருந்த வீட்டின் அழைப்பு மணியை அடித்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கதவைத் திறந்தார். உங்கள் பெட்டியில் வைத்த செருப்புக்கு யார் பொறுப்பு என்று அலுவலகத் தோரணையிலேயே ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் அட்டையைக் காட்டி நிதானமாக விளக்கினார். வீட்டில் தேவைப்படாத பொருள்களை இப்படி வாசலில் வைப்பது அவ்வூர் வழக்கம்; வேண்டியவர்கள் இலவசமாக எடுத்துப் போகலாம். அட்டையில் எழுதியிருந்ததும் அதுதான்.

அவர் சிரிக்கவில்லை. செருப்புக்குரியவர் எங்கே என்று மட்டும் கேட்டார். நான் கை காட்டியதும் குடையோடு ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னே நடந்தார்.

அவர் வீட்டுக் கூடத்தில் மனைவியை உட்கார வைத்தோம். கால்களைத் துடைக்க ஒரு துண்டு கொடுத்தார். தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர் சொன்ன விதி; ஊரில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து அவளே பார்த்துக்கொள்வாள். அன்று நான் மண்டியிட்டு, காலை மடியில் வைத்து, விரல் இடுக்கு உட்பட ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் அதுவே முதல் தடவை. புண் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

அங்கிருந்தபடியே மகனை அழைத்து நடந்ததைச் சொன்னேன். "கால நல்லாப் பாத்தீங்களாப்பா?" என்றான். பார்த்தேன் என்றேன். "அப்ப சரி. மெதுவா வாங்க."

அந்தப் பெண்மணி தம்முடைய நடைக்காலணி ஒரு ஜோடியையும் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையையும் கொண்டுவந்தார். இரண்டு காலுறையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டும் காலணி சற்றுப் பெரிதாகவே இருந்தது.

"ஒங்களுக்குக் கால் பெருசு தாயி. மனசும் பெருசு" என்றாள் மனைவி தமிழிலேயே. அவர் புரிந்தது போல அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கயிறுகளை நான் கட்டினேன். திருப்பி அனுப்புவதாகச் சொன்னபோது, அடுத்த வாரம் அதே பெட்டிக்குப் போக வேண்டிய காலணிதான் என்று மறுத்துவிட்டார்.

ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. திட்டப்படி டான்யூப் மேலுள்ள கல்பாலத்துக்குப் போனோம். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் பாலம். அதன் வளைவுகளைப் பற்றி நான் விளக்கத் தொடங்கினேன்.

"பாலத்தப் பத்தி அம்புட்டும் தெரிஞ்சிருக்கு" என்றாள் அவள். "பொட்டியப் பத்தித்தான் தெரியாமப் போச்சு."

அவள் சொன்னது சரி. அருகில் நிற்பவள் கண்ணால் கண்டு சொன்னதைவிட, என்றோ படித்த படிப்பை நான் பெரிதாக நினைத்தேன். இப்போது மாலைதோறும் அவள் பாதங்களை நான்தான் பார்க்கிறேன். அந்தக் கண்ணாடி வேலையில்லாமல் பீரோவுக்குள் இருக்கிறது.

ஊர் திரும்பிய மாதத்தில் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு திருமணம். பந்தியில் உறவினர் ஒருவர், நாலு பேர் கேட்க, "என்ன அண்ணாச்சி, ஜெர்மனியிலயும் செருப்புக் களவாணி உண்டாமே. நம்ம கோயில் ஆடித்தபசுக் கூட்டமே தேவலன்னு சொல்லுதாவ" என்றார். சுற்றிலும் சிரித்தார்கள். இலைக்கு முன் விவாதம் வேண்டாமென்று அன்று பேசாமல் இருந்தேன். அவர் இன்றும் அப்படியே சொல்லிவருவதாகக் கேள்விப்படுகிறேன். அது தவறு. ரேகன்ஸ்பூர்க்கில் எங்கள் செருப்பை யாரும் திருடவில்லை. மனைவி சொன்னதைக் கேளாமல், அதை நான் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.