அவசரமில்லை என்று எழுதியவர்

ஆரையம்பதியில் ஒரு மனிதர் தான் யாரென்று சொல்லாமல் சந்தியைத் தாண்டிவிட முடியாது. எங்கே போகிறாய், யாருடைய மகன், எந்தக் குடி, எந்த வீட்டில் கலியாணம் கட்டினாய் என்று நாலு பேர் விசாரித்து, திருப்தி அடைந்து, பிறகுதான் சைக்கிளை விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டுதான் உதயரூபன், பெயரில்லாத மனிதர்களுக்காக ஒரு மென்பொருளை வடிவமைத்துக்கொண்டிருந்தார்.

மட்டக்களப்பு வழக்கப்படி கலியாணம் முடித்து மனைவி பிரஷாந்தியின் வீட்டோடு வந்து சேர்ந்தவர் அவர். அந்த வீட்டின் பின்னறையில், மாமியாரின் நெல்மூட்டைகளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவருடைய மேசை. அவரோடு வேலை செய்தவர்கள் உலகத்தின் ஐந்தாறு மூலைகளில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. பார்க்காமல் இருப்பதுதான் அவர்களுடைய கொள்கை.

மென்பொருளின் பெயர் ஓசையிலி. ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு நேரே செய்தி போகும். நடுவில் எந்தக் கம்பனியின் கணினியும் கிடையாது. கணக்குத் தொடங்க நம்பர் வேண்டாம், பெயர் வேண்டாம், படம் வேண்டாம். இரண்டு பேர் நேரில் சந்தித்து, ஒருவர் திரையை மற்றவர் போனுக்குக் காட்டினால் உறவு உண்டாகிவிடும். கணக்குகளும் அறிவித்தல்களும் உதயரூபனின் பொறுப்பு. அறிவித்தல்களில்தான் அவர் தன் முழு மேதைமையையும் காட்டினார். யார் அனுப்பியது என்று அறிவித்தல் சொல்லக்கூடாது. என்ன அனுப்பினார் என்று சொல்லக்கூடாது. எப்போது அனுப்பினார் என்றும் சொல்லக்கூடாது. ஆகவே பகல் முழுக்க வருகிற செய்திகளையெல்லாம் போன் தனக்குள் வைத்திருந்து, மாலையில் மொத்தமாக ஒரே ஒரு அறிவித்தலாக விடும். அந்த அறிவித்தலின் வாசகத்தை எழுத அவருக்கு ஒரு மாரிகாலம் முழுக்கத் தேவைப்பட்டது. எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் இப்படி வந்தது: “ஏதோ ஒன்று உள்ளது. அவசரமில்லை.”

முகமறியாத நண்பர்கள் அதை ஒரு சாசனமாகவே ஏற்றுக்கொண்டார்கள். பிரஷாந்தி மட்டும் படித்துவிட்டு, “இதச் சொல்லுறத்துக்கு ஒரு போன் வேணுமா? நம்மட பூனையும் இதத்தானே சொல்லுது,” என்றாள்.

உதயரூபன் இப்படி ஆனதற்குக் காரணம் இல்லாமலில்லை. அவர் பிறந்து வளர்ந்தது, மனிதரின் அடையாள அட்டையை முதலிலும் முகத்தைப் பிறகும் பார்த்த காலத்தில். பக்கத்து ஊரான காத்தான்குடியில் அவருக்கு மஜீட் என்று ஒரு கூட்டாளி. மஜீட்டின் வாப்பா முனாப் ஒரு சின்ன வேனில் புடைவை ஏற்றிப் போய் விற்பவர். பரீட்சைக்காலத்தில் இரண்டு பையன்களையும் துணிமூட்டைகளுக்கு மேலே ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போவார். ஒருநாள் சோதனைச் சாவடியில் உதயரூபனின் அட்டையைக் கேட்டார்கள். அது வீட்டு மேசையில் இருந்தது. முனாப் இறங்கிப் போய், “ரெண்டும் என்ட புள்ளயள்தான் சேர்,” என்றார். துவக்கு வைத்திருந்தவன் இரண்டு பையன்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டான். அன்று பரீட்சை எழுதிய கை, பெயரைக் கேட்காத உலகம் ஒன்றைச் செய்யவேண்டும் என்று தீர்மானித்தது. தீர்மானத்தில் பிழையில்லை. செய்து முடித்த உலகத்தில் முனாப்புக்கு இடம் வைத்தாரா என்பதுதான் கேள்வி.

மாவட்டத்திலேயே ஓசையிலியை உண்மையாகப் பாவித்த ஒரே மனிதர் மஜீட். இப்போது அவருக்குக் காத்தான்குடியில் சொந்தப் புடைவைக்கடை இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, கடைக்குள் வைத்தே இரண்டு போன்களையும் முகம் பார்க்க வைத்து உறவு உண்டாக்கினார்கள்.

“டேய் உதயா, சத்தம் போடாது, பேர் சொல்லாது, நேரம் சொல்லாது. இது போனாடா, இல்ல எங்கட பெரிய மாமாவா?”

“சிரிக்காத. நாளைக்கு ஒருத்தன் உன்ட போனப் பறிச்சான் எண்டா, நீ ஆரோட கதைச்சாய் எண்டு அவனுக்கு ஒண்டும் தெரியாது.”

“நான் இடுப்பில உடுக்கிற சாரம் விக்கிறன்டா. என்ட ரகசியம் எல்லாம் கழுவினா சாயம் போகும் எண்டதுதான்.”

“இனி நம்மட கதை எல்லாம் இதிலதான். வேற எதில எழுதினாலும் நான் பாக்க மாட்டன். போன் அடிச்சாலும் பகலில எடுக்க மாட்டன், சத்தத்த நிப்பாட்டித்தான் வச்சிருப்பன்.”

“மறுகா, ஒரு அவசரம் எண்டா?”

இந்தக் கேள்விக்காகத்தான் உதயரூபன் காத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “அவசரத்துக்கு ஒரு பட்டன் வச்சமெண்டா, அந்தப் பட்டன அமத்தின நேரமே உளவு சொல்லிரும். ஆரோ ஆருக்கோ அவசரமாச் சொன்னான் எண்டு வெளிய தெரியும். அதால ஓசையிலியில அவசரமே இல்ல.”

“அல்லாஹ், இவனுக்கு அவசரமே இல்லயாம்,” என்று மஜீட் துணி மடிக்கும் பெண்ணிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் கூட்டாளிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

முனாப் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்புறம், ஸுபஹ் தொழுகைக்கு எழும்பும் நேரத்தில், காலமானார்.

காத்தான்குடியில் ஒரு மரணத்தை மறைக்கவே முடியாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி பெயரையும் தெருவையும் அடக்கம் செய்யும் நேரத்தையும் சொல்லும். காற்று தெற்கே வீசினால் ஆரையம்பதி வரைக்கும் கேட்கும். அன்றும் கேட்டிருக்கும். உதயரூபன் காதுகளை ஹெட்போனால் பொத்திக்கொண்டு, அறிவித்தல்கள் மனிதனின் அமைதியைக் குலைப்பது பற்றித் தூரதேசத்து நண்பர்களுக்கு ஓர் உரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். பிரஷாந்தி செட்டிபாளையத்தில் படிப்பிக்கப் போயிருந்தாள். மேசையில் கவிழ்ந்து கிடந்த போன், தன்னை வடிவமைத்தவரின் சொல்லுக்கு அணுவும் பிசகாமல் நடந்தது.

மாலையில் அது ஒருமுறை மினுங்கியது. ஏதோ ஒன்று உள்ளது. அவசரமில்லை.

அவர் தேநீரைக் குடித்துவிட்டே திறந்தார். மஜீட்டிடமிருந்து நான்கு செய்திகள் வரிசையாக இருந்தன.

“வாப்பா மவுத்தாயிட்டார்டா. பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வா.”

“எங்கடா நிக்காய்? போனும் எடுக்காய் இல்ல.”

“பின்னேரம் அஸர் வரைக்கும் வச்சிருப்பம் எண்டு கேட்டுப் பாத்தன். பெரியாக்கள் மாட்டமெண்டிட்டாங்க.”

“வாப்பாவ எடுக்கப் போறம்.”

அவர் சட்டையை மாற்றாமல் அப்படியே மோட்டார்சைக்கிளை எடுத்தார். போய்ச் சேர்ந்தபோது வாசலில் பிளாஸ்டிக் கதிரைகளில் ஆண்கள் அமர்ந்திருந்தார்கள். உதயரூபனைக் கண்டதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் கரையில் ஒரு மரண வீட்டுக்கு வராமல் போவது பெரிய குற்றம்; அதைவிடப் பெரியது, சொல்லவேண்டியவனுக்குச் சொல்லாமல் விடுவது. ஆகவே அன்று பகல் முழுவதும் மஜீட்டிடம் ஊர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உன்ட கூட்டாளிக்குச் சொல்லல்லியா? சொன்னேன் என்றால் கூட்டாளி வரவில்லை. சொல்லவில்லை என்றால் தான் மனிதனில்லை. மஜீட் ஒவ்வொருவரிடமும், சொல்ல மறந்துபோனேன் என்றே பதில் கொடுத்திருந்தார். இதை உதயரூபனுக்குச் சொன்னவர் பக்கத்துக் கதிரையில் இருந்த நிஸ்தார், மஜீட்டின் கடைக்கு அடுத்த கடைக்காரர். சொல்லிவிட்டு, “அந்தச் சனத்துக்கு முன்னால அவன் தலை குனிஞ்சத நான் இதுக்கு முதல் கண்டதில்ல,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

மஜீட் உள்ளேயிருந்து வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

“வாங்க உதயரூபன். இருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

முப்பது வருடங்களில் அந்த வாயிலிருந்து ஒரு ‘ங்க’ வந்ததில்லை. உதயரூபன் எழுந்து நின்றார். “மஜீட், அது பின்னேரம்தான் வந்திச்சு. நான்…”

“தெரியும். சொல்லித்தானே தந்தீங்க. அவசரமில்ல.”

மஜீட்டின் உம்மா நபீஸா, கணவனை இழந்த பெண்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருந்தார். வெளி ஆண்கள் அவரைப் பார்க்க முடியாது. தங்கை நிஸ்மியா தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எப்போதும்போல அண்ணன் முறை சொல்லி, “காக்கா, உம்மா கேக்கச் சொன்னா. மகனுக்கு உடம்புக்கு ஒண்டுமில்லையே எண்டு,” என்றாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு உதயரூபன் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அடுத்த வாரமே அவர் நண்பர் குழுவுக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். மரணச் செய்திகளையாவது உடனே விடவேண்டும் என்பது அதன் சாரம். மரியாதையாக மறுத்துவிட்டார்கள். எது மரணம் என்று மென்பொருளுக்குத் தெரியவேண்டுமானால் அது செய்தியைப் படிக்கவேண்டும், படிப்பது எங்கள் கொள்கைக்கு விரோதம் என்று விளக்கி, ஆதாரமாக ஒரு கட்டுரையையும் இணைத்திருந்தார்கள். அந்தக் கட்டுரை உதயரூபன் எழுதியது. நன்றாகத்தான் எழுதியிருந்தார், அவராலேயே மறுத்துப் பேச முடியவில்லை.

மஜீட்டுக்கு ஓசையிலியில் எழுதினார். மன்னிப்பு என்று எழுதினார். வாப்பாவின் வேனைப் பற்றி எழுதினார். பதில் இல்லை. ஒவ்வொரு செய்திக்குப் பக்கத்திலும் ஒரு சாம்பல் புள்ளி. அந்தப் புள்ளிக்கு, போய்ச் சேர்ந்தது என்றும் அர்த்தம், சேரவில்லை என்றும் அர்த்தம். படித்தும் பேசாமல் இருக்கிறார் என்றும் கொள்ளலாம். உங்களைத் தன் போனிலிருந்து நீக்கிவிட்டார் என்றும் கொள்ளலாம். விலக விரும்பும் மனிதருக்கு விலகுவதைச் சொல்லாமலிருக்கும் உரிமை உண்டு என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளியை வைத்தவரும் அவரேதான். இவற்றில் எது உண்மை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை என்பதை உலகத்தில் வேறெவரையும் விட உறுதியாக அறிந்தவரும் அவர்தான்.

“இஞ்ச பாருங்க,” என்றாள் பிரஷாந்தி, அவர் நாலாவது தடவை போனைத் திருப்பிப் பார்த்தபோது. “மனிசன் கடையிலதானே இரிக்கார். போய்க் கேளுங்களன். அவருக்கும் உங்களுக்கும் நடுவில ஒரு சந்தியும் ரெண்டு மாடும்தான் நிக்குது.”

போனார். கடையில் கூட்டமில்லை. மஜீட் மேசையின் அந்தப் பக்கத்தில் துணி அளந்துகொண்டிருந்தார். அளவுகோலுக்குப் பக்கத்தில் அவருடைய போன் திறந்தபடியே கிடந்தது. இரண்டு அடி எட்டிப் பார்த்தால் போதும். திரையில் ஓசையிலியின் சின்னம் இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும்.

உதயரூபன் பாதி குனிந்தார். பிறருடைய போனைக் கண்ணால் தொடுவதுகூடக் களவு என்று இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் சொல்லிவந்தவரின் கழுத்து, அதற்கு மேல் குனிய மறுத்தது. அவர் முகத்தைத் திருப்பித் தட்டுகளில் அடுக்கியிருந்த துணிகளைப் பார்த்தார்.

“ஒரு சாரம் பாக்கணும்,” என்றார்.

மஜீட் துணியை மடித்து வைத்தார். போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். நிமிர்ந்து நின்று, எந்த வாடிக்கையாளரிடமும் கேட்பதைப்போல, குரலில் ஒரு குறையும் இல்லாமல் கேட்டார்.

“என்ன நிறத்தில பாக்கிறீங்க?”