இரண்டு செட் தந்தி

சென்ற மாதம் எனக்கென்று ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செய்யக் கொடுத்தேன். செய்பவர் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். உடலுக்கு என்ன மரம், கழுத்துக்கு என்ன மரம், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் எந்த உலோகம், சுதி கூட்டும் கீ எந்த மாதிரி என்று வரிசையாகக் கேள்விகள். காளிகாட்டில் மெட்ரோ ஏறியவன் இறங்குவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். உடல் துன் மரம். கழுத்து தேக்கு. பிரிட்ஜ் பித்தளை. "உங்களுக்கு நல்ல அனுபவம் போலிருக்கிறது" என்று பதில் வந்தது. அனுபவம் எனக்கில்லை, என் மாமாவுக்கு. ஆனால் கடைசிக் கேள்வியில் என் விரல் கொஞ்சம் நின்றது உண்மை. தந்தி எது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். 'ஸ்டீல்' என்று போட்டேன். போட்டுவிட்டுச் சிரித்தும்விட்டேன், பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. பெஹாலாவில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்குபவர். அம்மாவின் தம்பியான மாமாவும் அங்கேதான். சரக்குகளுக்கு மரப்பெட்டி அடிப்பது அவர் வேலை. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் கரண்ட் பில் முதல் காய்ச்சல் மாத்திரை அட்டை வரை வீட்டுக்கு வரும் எல்லாக் காகிதமும் நேராக என் கைக்கு வரும். நான் படித்துச் சொல்வேன். நான் சொன்னபடி நடக்கும். பதினொரு வயதுக்காரனுக்கு இவ்வளவு அதிகாரம் ஆகாது என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்ற வழியே இல்லை.

மாமாவிடம் சாதாரண மரக் கிட்டார் ஒன்று இருந்தது. கூட வேலை செய்த ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுச் சென்றது. கேட்டுக் கேட்டே வாசிக்கப் பழகியிருந்தார். எங்கள் தெருவின் துர்கா பூஜைப் பந்தலுக்கு வருடா வருடம் மூங்கில் கட்டிக்கொடுப்பவர் என்பதால், முந்தின வருடம் சப்தமி மாலைக் கலைநிகழ்ச்சியில் அவருக்கும் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அவர் வாசிக்க ஆரம்பித்ததும் பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. மாமாவின் விரல்கள் ஆடுவது தெரிந்ததே தவிர ஒரு சுரமும் கேட்கவில்லை. முன்வரிசைப் பையன்களில் ஒருவன் "காகு, ஆவாஜ் கோதாய்?" என்று வங்காள மொழியில் கத்தினான். சித்தப்பா, சத்தம் எங்கே? அவ்வளவுதான், அதன்பின் ஒரு வருடம் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போனாலும், முட்டை வாங்கப் போனாலும், ஏதாவது ஒரு மாடியிலிருந்து "ஆவாஜ் கோதாய்?" என்று குரல் வரும். மாமா கையை ஆட்டிவிட்டுப் போவார்.

ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் என்னிடம் சொன்னார்: "கரண்ட்ல வாசிக்கிற கிட்டார் ஒண்ணு செய்யப்போறேன் மாப்ளே. அடுத்த சப்தமிக்கு."

"வாங்குறதுதானே?" என்றார் அப்பா.

"மரத்துக்கு எதுக்கு கடைக்காரனுக்குக் காசு? எந்நேரமும் மரத்துலதானே கை வைக்கிறேன்."

நான் உடனே நெட் சென்டருக்குப் போய் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். மஹோகனி, ஆல்டர், ஆஷ், மேப்பிள். ஞாயிற்றுக்கிழமை மரக்கடையில் நின்று அந்த நான்கு பெயரையும் உரக்கப் படித்தேன். கடைக்காரர், இவை என்ன ஆட்கள் பெயரா என்பதுபோல் பார்த்தார்.

"மாமா, மஹோகனின்னுதான் போட்டிருக்கு."

"போட்டவனுக்கு அது கிடைச்சிருக்கு மாப்ளே. நமக்கு என்ன கிடைக்குதுன்னு பாப்போம்."

பலகை பலகையாகத் தூக்கிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதை வைத்தார். சிலது 'தொப்' என்றது. அவற்றை மறுபடி தொடவில்லை. கடைசியில், இடித்த வீடு ஒன்றிலிருந்து வந்த அலமாரிப் பலகை ஒன்று கிடைத்தது. சிவப்பாக, கனமில்லாமல், தட்டினால் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது. இங்கே சித்தார் செய்கிறவர்கள் எடுக்கும் துன் மரம் அது. கழுத்துக்கு மட்டும் தேக்கு எடுத்தார். ஆறு கம்பி சேர்ந்து இழுக்கும் இழுப்பில் கழுத்து வளைந்தால் எல்லாம் போச்சு என்றார். அம்மாவுக்கு இது போதவில்லை.

"முழுசும் தேக்குல செஞ்சா என்னடா? வாசிக்க வரலேன்னாலும் ஸ்டூலுக்காவது ஆகும்."

"முழுசும் தேக்குன்னா தோள்ல மாட்டிக்கிட்டு நிக்க முடியாதுக்கா. அத்தானைத்தான் கூப்பிடணும், இறக்கிவைக்க."

அப்பா சிரித்தார். அப்பா சிரிப்பது அபூர்வம்.

மரத்தில் என் பேச்சு எடுபடாத குறையைக் கட்டைகளில் தீர்த்துக்கொண்டேன். கழுத்தின் குறுக்கே, சுரத்துக்குச் சுரம் பதிக்கும் ஒவ்வொரு கட்டையும், அதாவது ஃப்ரெட், எவ்வளவு தள்ளி வரவேண்டும் என்பதற்கு ஒரு வகுத்தல் கணக்கு உண்டு. அதை நெட்டில் பிடித்து, கால்குலேட்டரில் போட்டு, காகிதத்தில் கோடு கிழித்துக் கொடுத்தேன். மாமா அந்தக் காகிதத்தை அப்படியே ஒட்டி, கோட்டின்மேல் ரம்பத்தை வைத்தார். ஒரு தடவைகூட 'சரிதானா' என்று கேட்கவில்லை. அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. இன்றுவரை அந்தக் கிட்டாரில் சுதி பிசகியதில்லை. இதை நான் பெருமைக்காகவே சொல்கிறேன். பின்னால் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மற்ற சாமான்கள் வாங்க லால்பஜார் பக்கம் வாத்தியக் கடைகளுக்குப் போனோம். மாமா கீ ஆறையும் திருகித் திருகிப் பார்த்து எடுத்தார். பிரிட்ஜ் பித்தளையில் கேட்டார். துறைமுகத்தில் எல்லா இரும்பும் துருப்பிடிப்பதைப் பார்த்தவருக்குப் பித்தளைமேல் தனி மரியாதை. அடுத்து கடைக்காரர் பிக்கப்பை எடுத்து வைத்தார். தந்தியின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் சின்னப் பெட்டி அது. உள்ளே காந்தம் இருக்கிறது என்றார்.

காந்தம் என்றதும் நான் நிமிர்ந்தேன். அந்த மாதம்தான் அறிவியலில் காந்தப் பாடம் முடிந்திருந்தது. பரீட்சையில் எனக்கு முழு மதிப்பெண். சட்டையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துப் பிக்கப்பின்மேல் விட்டேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா மாமா? இரும்புக் கம்பி போட்டா இப்படித்தான் இழுத்துப் பிடிச்சிக்கும். கம்பி ஆடாது. நைலான்தான் போடணும்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நைலான்? நா நா, சொல்பே நா." வேலைக்கு ஆகாது என்கிறார். எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஸ்டீல்தான் என்று சொல்லிவிட்டு, கடைப் பையனைக் கூப்பிட்டு, 'இந்தச் சின்ன புரொபசர் சொல்வதைக் கேள்' என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. புத்தகத்தில் எந்தப் பக்கத்தில், எந்தப் படத்துக்குக் கீழே இருக்கிறது என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். அவர் இன்னும் அதிகமாகச் சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. குண்டூசியைப் பிக்கப்பிலிருந்து பிடுங்கி என்னிடம் கொடுத்தார்.

"புக்குல இருக்கா மாப்ளே?"

"இருக்கு மாமா."

"நைலானே குடுங்க தாதா" என்றார் கடைக்காரரிடம். தாதா என்றால் இங்கே அண்ணன். பிறகு என்னிடம், "நீ வெளிய நின்னு நம்ம பஸ் வருதான்னு பாரு, நான் கட்டி வாங்கிட்டு வரேன்" என்றார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் பஸ் ஒன்று போயே போய்விட்டது. மாமா அப்புறம்தான் வந்தார்.

ஆம்ப்ளிஃபயர் பந்தலுக்கு மட்டும்தான் வரும் என்பதால் வீட்டில் கரண்டில் வாசித்துப் பார்க்க வழியில்லை. சப்தமி மாலை மாமா இஸ்திரி போட்ட சட்டையில் மேடை ஏறினார். சிவப்பு மரத்தில் பித்தளை மின்னியது. ஒலிபெருக்கிக்காரர் ஒயரைச் செருகி, திருப்புளியால் பிக்கப்பைத் தொட்டார். 'டொக்' என்று தெருவே அதிர்ந்தது. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாமா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

ஒன்றுமே வரவில்லை.

விரல்கள் ஆடின. ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் மட்டும். சத்தத்தை ஏற்றினார்கள், இரைச்சல் ஏறியது. முன்வரிசையிலிருந்து, நான் எதிர்பார்த்த குரல், எதிர்பார்த்த கேள்வி. "காகு, ஆவாஜ் கோதாய்?" பந்தல் முழுக்கச் சிரிப்பு. மாமா அந்தப் பாட்டை அப்படியே கடைசி வரை வாசித்து முடித்து, கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

நான் பின்னால் ஓடினேன். மாமா மூங்கில் குவியல்மேல் உட்கார்ந்து நைலான் தந்திகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேண்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்துப் பிரித்தார். உள்ளே சுருள் சுருளாக ஸ்டீல் கம்பி. மேடையில் ஒரு குட்டிப் பெண் நாட்டியம் ஆடினாள், இன்னொருவர் நீளமான கவிதை ஒன்றை ஒப்பித்தார். மாமா கையில் அவசரம் இல்லை. கீயைத் திருகித் திருகிச் சுதி சேர்த்தார்.

அதற்குள் அம்மா, பூஜை நடத்தும் கிளப்பின் செக்ரட்டரி முன்னால் போய் நின்றிருந்தாள். "தாதா, ஆர் ஏக் பார்." இன்னொரு தடவை. நேரம் ஆகிவிட்டது என்றார் அவர். அம்மா அதையே திரும்பச் சொன்னாள். அம்மாவுக்கு வங்காள மொழியில் அதற்குமேல் வார்த்தை இல்லை, நகரவும் இல்லை. கடைசியில் செக்ரட்டரி கையை விரித்து மேடையைக் காட்டினார்.

மாமா முதல் தந்தியைத் தட்டியதும் பந்தல் துணி ஆடியதுபோல் இருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாருக்கும் அது காதில் விழவில்லை. மெயின் ரோட்டில் போன ஆட்டோ ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது. முடித்ததும் மாமா மைக்கை இழுத்து, முன்வரிசையில் காதைப் பொத்திக்கொண்டிருந்த அந்தப் பையனிடம் நிதானமாகக் கேட்டார்: "ஷுன்தே பாச்சிஷ்?" கேட்கிறதா? இந்தத் தடவை பந்தல் வேறு மாதிரி சிரித்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் விடவில்லை. "அந்தக் கம்பி எங்கேருந்து மாமா வந்துச்சு?"

"கடைக்காரன் தெரியாம ரெண்டு செட் போட்டுட்டான் போல மாப்ளே."

"அப்ப அதைத் திருப்பிக் குடுக்கணும் மாமா. அடுத்தவங்க பொருள்."

"குடுத்துரலாம்."

கூடவே, இந்தப் பிக்கப்பில் இருக்கும் காந்தம் கொஞ்சம் பலவீனமானது, அதனால்தான் இரும்புக் கம்பி தப்பித்து ஆடுகிறது என்றும் விளக்கினேன். மாமா கவனமாகக் கேட்டுக்கொண்டார். "பாத்தியா, காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டான்" என்றாள் அம்மா. அப்பா மட்டும் மாமாவைப் பார்த்தார். மாமா கிட்டாரைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

அந்தக் காந்தத்துக்கு இரும்புக் கம்பி ஆடினால் மட்டும்தான் கேட்கும் என்பதும், துறைமுகத்து ஆள் ஒரே கயிற்றை நம்பிப் பாரம் தூக்கமாட்டார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கடைக்காரர் சொன்னது, நான் சொன்னது, இரண்டையும் அவர் காசு கொடுத்து வாங்கியிருந்தார். ஒரு வருடம் காத்திருந்த மேடையில் முதலில் ஏற்றியது என்னுடையதை. இதெல்லாம் தெரியாமல் நான் அன்று, ஒரு வாத்தியக் கடைக்காரர் இவ்வளவு கவனக்குறைவாக இருக்கலாமா என்று வருத்தப்பட்டுக்கொண்டே நடந்தேன்.